ரேம் மீதமிருக்கும்போதும் ஸ்வாப் ஏன் நிரம்புகிறது?

கேள்வி இதுதான். 16 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் சர்வர் ஒன்றில், ஏறத்தாழ 5 ஜிபி நினைவகம் இன்னும் கிடைக்கும் நிலையில் இருப்பதாக ‘ஃப்ரீ’ கட்டளை காட்டுகிறது. அதே வேளையில், ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய 4 ஜிபி ஸ்வாப்பில் 1.5 ஜிபி பயன்பாட்டில் இருப்பதாகவும் காட்டுகிறது. ரேம் மீதமிருக்கும்போது, இயங்குதளத்தின் மையமான கர்னல் ஏன் வட்டைத் தொட வேண்டும், ஸ்வாப்பை அடியோடு நிறுத்திவிட்டால் சர்வர் வேகமாக இயங்காதா, வைத்தே ஆக வேண்டுமென்றால் ரேமைப் போல் இரு மடங்கு வைக்க வேண்டும் என்ற பழைய விதி இன்றும் செல்லுமா?

சுருக்கமாகச் சொன்னால், அந்த 1.5 ஜிபி தன்னளவில் எந்தக் கெடுதலும் செய்வதில்லை. ஸ்வாப்பை நிறுத்துவது பெரும்பாலான சர்வர்களில் நிலைமையை மோசமாக்கவே செய்யும். இரு மடங்கு விதி எழுந்ததற்கான காரணங்கள் மறைந்து நெடுங்காலம் ஆகிறது. ஸ்வாப்பில் கிடக்கும் அளவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அங்கிருந்து பக்கங்கள் (நினைவகத்தின் சிறு துண்டுகள்) ரேமுக்குத் திரும்பி வரும் வேகத்தைப் பார்க்க வேண்டும். இதற்கான காரணங்கள் கர்னல் நினைவகத்தைப் பங்கிடும் முறையில் இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒவ்வொரு புரோசஸும், அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும், தனக்கென ஒரு முகவரி வெளியை மட்டுமே காண்கிறது. இன்றைய 64 பிட் எக்ஸ்86 செயலிகளில் இந்த வெளி வழக்கமாக 48 பிட் அகலமுடையது. அதாவது 256 டெராபைட். அதில் பாதி புரோசஸுக்கும் பாதி கர்னலுக்கும் உரியது. இந்த வெளி 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் ரேமில் எங்கே இருக்கிறது என்பதை நான்கு அடுக்குப் பக்க அட்டவணை சொல்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் 512 பதிவுகள். அதாவது ஓர் அடுக்கில் ஒரு பதிவைத் தேர்ந்தெடுக்க முகவரியின் 9 பிட்டுகள் வேண்டும். நான்கு அடுக்குக்கு 36, பக்கத்துக்குள் உள்ள இடத்தைக் காட்ட 12, ஆக மொத்தம் 48. நான்கு அடுக்கையும் ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கினால் தாமதம் தாங்காது என்பதால், அண்மையில் தேடிய முகவரிகளைச் செயலி டிஎல்பி என்ற சிறு கேஷில் (விரைந்து எடுப்பதற்கான தற்காலிக இருப்பில்) வைத்துக்கொள்கிறது.

அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் சில குறிப் பிட்டுகள் உண்டு. பக்கம் ரேமில் இருக்கிறதா என்பதை ஒன்று சொல்லும். அண்மையில் தொடப்பட்டதா என்பதை மற்றொன்று சொல்லும். எழுதப்பட்டதா என்பதை இன்னொன்று சொல்லும். ரேமில் இல்லை என்று குறிக்கப்பட்ட பக்கத்தை நிரல் தொட்டால், செயலி அந்த இடத்திலேயே நின்று கர்னலை அழைக்கிறது. இதைப் பேஜ் ஃபால்ட் என்கிறோம். பெயரில் ஃபால்ட், அதாவது பிழை, என்ற சொல் இருந்தாலும் இது அன்றாட நிகழ்வுதான். பக்கம் ஏற்கெனவே ரேமில் வேறெங்கோ இருந்து அட்டவணையை மட்டும் திருத்தினால் போதும் என்றால் அது சிறிய ஃபால்ட்; வட்டிலிருந்து படித்தே தீர வேண்டும் என்றால் பெரிய ஃபால்ட். ஒரு நிரல் நொடிக்கு ஆயிரக்கணக்கான சிறிய ஃபால்ட்டுகளை உணராமலேயே கடந்துவிடும். பெரிய ஃபால்ட் ஒவ்வொன்றும் அதை நிறுத்தி வைக்கும்.

இந்த ஏற்பாடு, லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் இயங்குதளத்தைவிடப் பழையது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயக்கத்துக்கு வந்த அட்லஸ் கணினியிலேயே பக்கங்களை நினைவகத்துக்கும் காந்த உருளைக்கும் இடையே தானாக நகர்த்தும் முறை இருந்தது. யூனிக்ஸ் இதைத் தாமதமாகத்தான் பெற்றது. பிடிபி-11 கணினிகளில் ஓடிய தொடக்ககால யூனிக்ஸ், இடம் போதாதபோது ஒரு புரோசஸை முழுவதுமாக வட்டுக்கு அனுப்பி, மற்றொன்றை முழுவதுமாக உள்ளே கொண்டுவந்தது. 1979இல் பெர்க்லியிலிருந்து வந்த 3பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பு, வாக்ஸ் கணினியில் பக்கம் பக்கமாக நகர்த்தும் முறையை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்தது. ஒஸால்ப் பாபாவோக்லுவும் பில் ஜாயும் செய்த வேலை அது. வாக்ஸில், பக்கம் தொடப்பட்டதா என்று சொல்லும் குறிப் பிட் வன்பொருளில் கிடையாது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ரேமில் இருக்கும் பக்கத்தையே இல்லை என்று பொய்யாகக் குறித்துவைத்து, ஃபால்ட் வருகிறதா என்று பார்த்து, தொடப்பட்டதை அறிந்துகொண்டார்கள். வன்பொருளின் குறையை மென்பொருளால் ஈடுகட்டிய இந்த உத்தி இன்றைக்கும் படித்து ரசிக்கத் தக்கது.

இனி, கேள்விக்கு நேரடியாகப் பயன்படும் பகுதிக்கு வருகிறேன். கர்னலின் பார்வையில் பயனர் நிரல்களின் பக்கங்கள் இரண்டு வகை. முதல் வகைக்கு வட்டில் ஏற்கெனவே ஓர் இருப்பிடம் உண்டு: நிரலின் இயக்கக் கட்டளைகள், பகிர்வு நூலகங்கள், படிக்கப்பட்ட கோப்புகளின் உள்ளடக்கம் ஆகியவை. இவற்றைப் பேஜ் கேஷ் வைத்திருக்கிறது. எழுதப்படாத நிலையில் இருந்தால் இவற்றை எந்தச் செலவுமின்றி ரேமிலிருந்து விட்டுவிடலாம். தேவைப்படும்போது கோப்பிலிருந்து மறுபடி படித்துக்கொள்ளலாம். இரண்டாம் வகை, நிரல் இயங்கும்போது தானே கேட்டு வாங்கிய இடம்: ஹீப், ஸ்டாக் போன்றவை. இவற்றுக்கு எந்தக் கோப்பும் பின்னணியில் இல்லை. அநாமதேயப் பக்கங்கள் என்று சொல்லப்படும் இவற்றை ரேமிலிருந்து நகர்த்த வேண்டுமானால், வைக்க ஓர் இடம் வேண்டும். ஸ்வாப் என்பது அந்த இடம்தான்.

ஸ்வாப்பை நிறுத்துவதன் விளைவு இப்போது தெளிவாகும். ஸ்வாப் இல்லாத கணினியில் அநாமதேயப் பக்கங்கள் எல்லாம் ரேமில் ஆணி அடித்து வைத்தது போலாகின்றன. சர்வர் தொடங்கியபோது ஒரு முறை பயன்பட்டு, அதன்பின் மாதக்கணக்கில் தொடப்படாத ஒரு பக்கமும் நகராது. நினைவகத்துக்கு நெருக்கடி வரும்போது கர்னல் கைவைக்கக்கூடிய ஒரே வகை கோப்புப் பக்கங்கள்தாம். முதலில் பயனற்ற கோப்புகளின் கேஷ் போகும். அடுத்து பயனுள்ள கேஷ் போகும். கடைசியில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் இயக்கக் கட்டளைகளே போகும். அவை அடுத்த நொடியே தேவைப்படுவதால் வட்டிலிருந்து மறுபடி படிக்கப்படும்; படித்த உடனே மறுபடி துரத்தப்படும். ஸ்வாப்பே இல்லாத ஒரு கணினி, வட்டு விளக்கு அணையாமல் எரிய, விசைப்பலகைக்கும் பதில் சொல்லாமல் பல நிமிடங்கள் உறைந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். நடப்பது இதுதான். ஸ்வாப்பை நீக்கினால் வட்டோடு போராடும் நிலை வராது என்ற எண்ணம் தவறானது. போராட்டம் ஒரு வகைப் பக்கங்களின் மேல் மட்டும் குவிந்து நடக்கும், அவ்வளவே.

ரேம் மீதமிருக்கும்போது கர்னல் ஏன் நகர்த்துகிறது என்பதற்கும் விடை இங்கேயே கிடைக்கிறது. ரேம் தீர்ந்த பின்புதான் விடுவிக்கத் தொடங்குவது என்று கர்னல் காத்திருப்பதில்லை. நினைவக மண்டலம் ஒவ்வொன்றுக்கும் கீழ், நடு, மேல் என்று மூன்று நீர்மட்டக் குறிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. காலியாக உள்ள பக்கங்களின் எண்ணிக்கை நடுக்குறிக்குக் கீழே இறங்கினால் கேஸ்வாப்டி என்ற கர்னல் இழை விழித்துக்கொண்டு பின்னணியில் பக்கங்களை விடுவிக்கத் தொடங்கும். மேல்குறியை எட்டியதும் உறங்கிவிடும். அதன் வேகம் போதாமல் காலியிடம் கீழ்க்குறியையும் தாண்டி இறங்கினால், நினைவகம் கேட்ட புரோசஸே நின்று பக்கங்களைத் தேடி விடுவிக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டாம் நிலையைத்தான் பயனர் தாமதமாக உணர்கிறார். ஒரு பெரிய கோப்பை நகலெடுப்பதோ, இரவு நேரத்து காப்புப்பிரதி வேலையோ பேஜ் கேஷை வேகமாக நிரப்பும்போது முதல் நிலை எளிதாக வந்துவிடும். அப்போது பல நாள் தொடப்படாத சில அநாமதேயப் பக்கங்களும் ஸ்வாப்புக்குப் போகும். காலையில் பார்க்கும்போது 5 ஜிபி கிடைக்கும் நிலையில் இருக்கும். அந்தப் பக்கங்களோ அங்கேயே கிடக்கும். அவற்றை யாரும் தொடாததால் திரும்பி வரவில்லை. கர்னல் தானாக முன்வந்து எதையும் ஸ்வாப்பிலிருந்து திருப்பிக் கொண்டுவருவதில்லை.

எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டும் இன்னொரு காரணமும் உண்டு. ஸ்வாப்பிலிருந்து ரேமுக்குத் திரும்பிய பக்கத்தின் வட்டுப் பிரதியைக் கர்னல் உடனே அழிப்பதில்லை. அந்தப் பக்கம் மீண்டும் வெளியேற நேர்ந்தால், இடையில் மாற்றப்படாதிருக்கும் பட்சத்தில், மறுபடி எழுதாமலேயே விட்டுவிடலாம் என்பது கணக்கு. ஸ்வாப் பாதிக்கு மேல் நிரம்பினால்தான் இந்த இரட்டைப் பிரதிகளை விடுவிப்பதில் கர்னல் தீவிரம் காட்டும். கர்னல் தன் நிலையைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தின் மெம்இன்ஃபோ கோப்பில் ஸ்வாப்கேஷ்ட் என்ற வரியைப் பார்த்தால், பயன்பாட்டில் உள்ளதாகச் சொல்லப்படும் அளவில் எவ்வளவு இப்படி இரண்டு இடத்திலும் இருக்கிறது என்பது தெரியும். அதே கோப்பில் மெம்ஃப்ரீ என்ற வரியை நம்பிப் பதறக் கூடாது; கேஷை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீட்டைத் தரும் மெம்அவைலபிள் வரியே பார்க்கத்தக்கது. 2014இல் வந்த 3.14 கர்னலிலிருந்து அது இருக்கிறது.

எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தேர்வதில்தான் இந்தத் துறையின் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது. எதிர்காலத்தில் மிகத் தாமதமாகத் தேவைப்படும் பக்கத்தை வெளியேற்றுவதே சிறந்த வழி என்பது 1966 முதலே தெரிந்தது. ஆனால் எதிர்காலத்தை யாரும் அறிய முடியாது. ஆகவே அண்மைக் காலத்தை வைத்து ஊகிக்கிறார்கள். லினக்ஸ் நெடுங்காலமாக, துடிப்பானவை, துடிப்பற்றவை என்று இரண்டு பட்டியல்களை, அநாமதேயப் பக்கங்களுக்கும் கோப்புப் பக்கங்களுக்கும் தனித்தனியாக வைத்துப் பராமரித்து வந்தது. 2022 டிசம்பரில் வெளியான 6.1 கர்னலில், இரண்டு பட்டியல்களுக்குப் பதிலாகப் பல தலைமுறைகளாகப் பக்கங்களை வகைப்படுத்தும் முறை தேர்வுக்குரியதாகச் சேர்க்கப்பட்டது. வெளியேற்றிய சற்று நேரத்திலேயே ஒரு பக்கம் திரும்ப அழைக்கப்பட்டால், ‘இதை அனுப்பியிருக்கக் கூடாது’ என்று அறிந்துகொள்ளும் குறிப்பையும் கர்னல் வைத்திருக்கிறது. கர்னல் பயன்படுத்தும் தகவல் இவ்வளவு நுண்மையாக இருக்கும்போது, இரண்டு வகைப் பக்கங்களில் ஒன்றை அதன் தேர்விலிருந்தே நீக்கிவிடுவது புத்திசாலித்தனமான மாற்றமாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்வாப்பினஸ் என்ற அளவுரு பற்றிப் பரவியிருக்கும் தவறான கருத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். அதன் இயல்பு மதிப்பு 60. ‘ரேமில் 40 விழுக்காடு நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும்’ என்று பலர் இதற்குப் பொருள் சொல்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. விடுவிக்க வேண்டிய தேவை எழுந்த பிறகு, இரண்டு வகைகளில் எதைத் தேடுவது என்ற விகிதத்தை மட்டுமே இது நிர்ணயிக்கிறது. அநாமதேயப் பக்கங்களுக்கு 60 எடை என்றால், கோப்புப் பக்கங்களுக்கு 200இலிருந்து அதைக் கழித்த 140 எடை. 100 என்று வைத்தால் இரண்டும் சமம். 5.8 கர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம். வட்டுக்குப் பதில் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப் இருந்தால் 100ஐத் தாண்டுவதில் பொருள் உண்டு, ஏனெனில் அங்கே அநாமதேயப் பக்கத்தைத் திரும்பப் பெறுவது கோப்பைப் படிப்பதைவிட மலிவானது. 0 என்று வைத்தால் ஸ்வாப் அணைந்துவிடும் என்பதும் சரியல்ல. காலிப் பக்கங்களும் கோப்புப் பக்கங்களும் சேர்ந்தும் மேல்குறிக்குக் கீழே போகும் வரை அநாமதேயப் பக்கங்களைத் தொடாதே என்பதே அதன் பொருள். அந்த நிலை வரும்போது கர்னல் ஏற்கெனவே மூச்சுத்திணறிக்கொண்டிருக்கும். தரவுத்தள சர்வரில் 10 அளவில் வைப்பது நியாயமானது. அதற்கு அப்பால் இந்த எண்ணைத் திருகிக்கொண்டிருப்பதில் கிடைக்கும் பலன் குறைவு.

வேகத்தைப் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்குக் கணக்கு இது. ரேமைத் தொட ஏறத்தாழ 100 நானோநொடி. நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியில் ஒரு பக்கத்தைப் படிக்க ஏறத்தாழ 100 மைக்ரோநொடி. ஆயிரம் மடங்கு தாமதம். சுழலும் வன்வட்டில் தலை நகர்ந்து சென்று படிக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி, இலட்சம் மடங்கு. ஒரு ஜிபி என்பது 2,62,144 பக்கங்கள். வன்வட்டில் சிதறிக் கிடக்கும் அவற்றை ஒவ்வொன்றாக, நொடிக்கு 100 வீதம் திருப்பிக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 44 நிமிடம் ஆகும். இதைத் தணிக்கவே கர்னல் ஒன்றைக் கேட்டால் அதன் அண்டையில் உள்ளவற்றையும் சேர்த்து எட்டு எட்டாகப் படிக்கிறது. எல்லா எட்டும் பயன்பட்டால் ஐந்தரை நிமிடமாகக் குறையும். எஸ்எஸ்டியில் ஒவ்வொன்றாகப் படித்தாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆக, ஸ்வாப்பில் 1.5 ஜிபி உறங்கிக் கிடப்பதற்கும், நொடிக்கு 20 எம்பி உள்ளே வந்துகொண்டிருப்பதற்கும் எந்த ஒப்புமையும் இல்லை.

விஎம்ஸ்டாட் கட்டளையை 1 என்ற இடைவெளியுடன் ஓடவிட்டு, எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது), எஸ்ஓ (ஸ்வாப்புக்கு வெளியே போவது) என்ற இரண்டு பத்திகளை மட்டும் பாருங்கள். முதல் வரி கணினி தொடங்கியது முதலான சராசரி என்பதால் அதை விட்டுவிடலாம். எஸ்ஓ அவ்வப்போது எழுந்து அடங்கினால் கவலையில்லை. கர்னல் தேவையற்றதை ஒதுக்குகிறது. எஸ்ஐ தொடர்ந்து பூச்சியத்துக்கு மேல் நின்றால், அனுப்பிய பக்கங்கள் தேவைப்படுகின்றன என்று பொருள். இரண்டும் ஒருசேர உயர்ந்து நின்றால் அது திராஷிங்: உயிர்ப்புடன் இருக்கும் பக்கங்களின் மொத்தம் ரேமைவிடப் பெரிதாகி, ஒன்றை உள்ளே கொண்டுவர உடனடியாகத் தேவைப்படும் மற்றொன்றை வெளியே தள்ளும் நிலை. ஒவ்வொரு புரோசஸுக்கும் அக்கணத்தில் தேவைப்படும் பக்கங்களின் தொகுதி ரேமுக்குள் அடங்காதபோது இந்தச் சரிவு திடீரென்று நிகழும் என்பதைப் பீட்டர் டென்னிங் 1968இலேயே விளக்கிவிட்டார். மெதுவாக மோசமாகும் நிலை அல்ல இது. விளிம்பு வரை ஒன்றும் தெரியாது, தாண்டியதும் எல்லாமே நின்றுபோகும்.

4.20 கர்னல் முதல் இதைவிடச் சிறந்த அளவுகோல் ஒன்று உண்டு. ப்ராக் கோப்பகத்தில் பிரஷர் என்ற உட்கோப்பகத்தின் மெமரி கோப்பைப் படித்தால், கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை விழுக்காடு நேரம் புரோசஸ்கள் நினைவகத்துக்காகக் காத்து நின்றன என்பது தெரியும். ‘சம்’ என்ற வரி, ஏதேனும் ஒன்றாவது காத்திருந்த நேரம். ‘ஃபுல்’ என்ற வரி, இயங்கத் தயாராக இருந்த எல்லாமே ஒருசேர முடங்கிய நேரம். எச்சரிக்கை அமைக்க வேண்டுமென்றால் ஸ்வாப் பயன்பாட்டின் விழுக்காட்டில் அமைக்காதீர்கள். இந்த இரண்டாம் வரியில் அமையுங்கள். ஸ்வாப் 80 விழுக்காடு நிரம்பியதற்காக நள்ளிரவில் எழுப்பப்படும் நிர்வாகி, சில வாரங்களில் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகிவிடுவார்.

ஸ்வாப்பின் அளவு பற்றிப் பேசுமுன், கர்னல் தன் கையில் இல்லாததையும் வாக்களிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு நிரல் 1 ஜிபி கேட்டால் முகவரி வெளியில் அந்தப் பரப்பு குறித்துக் கொடுக்கப்படுகிறது. உண்மையான ரேம், பக்கம் முதன்முறை எழுதப்படும்போதுதான் ஒதுக்கப்படுகிறது. ஃபோர்க் அழைப்பும் அப்படியே: 6 ஜிபி பிடித்திருக்கும் ஒரு புரோசஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது இன்னொரு 6 ஜிபி செலவாவதில்லை, இருவரும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொண்டு, எவர் எழுதினாலும் அந்தப் பக்கம் மட்டும் அப்போது பிரிக்கப்படுகிறது. ஆனால் கணக்குப் புத்தகத்தின்படி 12 ஜிபி வாக்களிக்கப்பட்டிருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன செய்வது என்பதில்தான் யூனிக்ஸ் குடும்பத்தினர் வேறுபடுகிறார்கள். சோலாரிஸ், பின்னால் நிற்க ரேமோ ஸ்வாப்போ இல்லாத இடத்தை முதலிலேயே மறுத்துவிடும். ஏஐஎக்ஸ், பேஜிங் இடம் (அங்கே ஸ்வாப்புக்கு அதுவே பெயர்) குறைந்ததும் சிக்டேஞ்சர் என்ற சமிக்ஞையை எல்லாப் புரோசஸ்களுக்கும் அனுப்பி, தாமாக அடங்க வாய்ப்புத் தந்து, பிறகுதான் கொல்லத் தொடங்கும். இவ்வளவு நாகரிகமான நடைமுறை மற்ற இடங்களில் பரவாமல் போனது எனக்கு வியப்பே.

லினக்ஸில், இப்படிக் கையிருப்பை மீறி எவ்வளவு வாக்களிக்கலாம் என்பதை ஓவர்கமிட் அளவுரு தீர்மானிக்கிறது. இயல்பான 0 நிலையில், அளவுக்கு மீறியதாக வெளிப்படையாகத் தெரியும் கோரிக்கை மட்டும் மறுக்கப்படும். 1 என்றால் எதுவும் மறுக்கப்படாது; ஃபோர்க் செய்து தரவை வட்டில் சேமிக்கும் ரெடிஸ் என்ற தரவுத்தளம் இதைப் பரிந்துரைக்கிறது. 2 என்றால் கண்டிப்பான கணக்கு: ஸ்வாப்பின் முழு அளவும், ரேமில் குறிப்பிட்ட விழுக்காடும் சேர்ந்ததே மொத்த வரம்பு. அந்த விழுக்காட்டின் இயல்பு மதிப்பு 50. உங்கள் சர்வரில் 16 ஜிபியின் பாதி 8, ஸ்வாப் 4, ஆக 12 ஜிபிதான் வரம்பு. ஸ்வாப்பையும் நீக்கிவிட்டு 2 நிலைக்குப் போனால், 16 ஜிபி ரேம் இருந்தும் 8 ஜிபிக்கு மேல் நிரல்களுக்கு வாக்களிக்கப்படாது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களுக்கு 2 நிலை பரிந்துரைக்கப்படுகிறது. அதைப் பின்பற்றுவோர் அந்த விழுக்காட்டையும் மாற்ற மறப்பதால் ‘ரேம் இருக்கிறது, ஆனால் நினைவகம் இல்லை என்கிறது’ என்ற புகார் அடிக்கடி எழுகிறது. இங்கே ஸ்வாப், ஒரு பைட்கூட எழுதப்படாவிட்டாலும், வாக்குறுதிக்குப் பிணையாக நின்று பயன்படுகிறது.

வாக்குறுதி பொய்க்கும்போது, நினைவகம் தீர்ந்தால் புரோசஸைக் கொல்லும் கர்னல் பகுதியான ஓஓஎம் கில்லர் வருகிறது. பிடித்திருக்கும் ரேம், ஸ்வாப், பக்க அட்டவணைகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையை வைத்து ஒவ்வொரு புரோசஸுக்கும் மதிப்பெண் கணக்கிட்டு, மிக அதிகம் பெற்றதைக் கொல்லும். தரவுத்தள சர்வரில் மிக அதிகம் பெறுவது பெரும்பாலும் தரவுத்தளமாகவே இருக்கும் என்பதால், ஒவ்வொரு புரோசஸுக்கும் மைனஸ் 1000 முதல் 1000 வரை திருத்த எண் தர முடியும். மைனஸ் 1000 பெற்றதைத் தொடாது. இதைவிட நல்ல வழி, சேவை ஒவ்வொன்றையும் சிகுரூப்புக்குள் (கர்னல் வரம்பு விதிக்கக்கூடிய புரோசஸ் குழுவுக்குள்) வைத்து உச்ச வரம்பும், அதற்குச் சற்றுக் கீழே வேகத்தைக் குறைக்கும் வரம்பும் விதிப்பது. இரண்டாம் பதிப்புச் சிகுரூப்பில் ஸ்வாப்புக்கும் தனி வரம்பு உண்டு. ஆகவே தாமதத்தைத் தாங்காத ஒரு சேவைக்கு மட்டும் ஸ்வாப்பை 0 ஆக்கிவிட்டு மற்றவற்றுக்கு அனுமதிக்கலாம். கணினி முழுவதற்கும் ஸ்வாப்பை நிறுத்த நினைப்பவர்கள் உண்மையில் தேடுவது பெரும்பாலும் இதைத்தான்.

இரு மடங்கு விதிக்கு வருகிறேன். பழைய பிஎஸ்டி அமைப்புகளில், நிரல் இடம் கேட்ட உடனேயே அதற்கு ஈடான பரப்பு ஸ்வாப்பில் ஒதுக்கப்பட்டது. ஆகவே ரேமைவிடச் சிறிய ஸ்வாப் இருந்தால், ரேமின் ஒரு பகுதி பயன்படாமலே போகும்; ரேமைப் போல் இரண்டு, மூன்று மடங்கு வைத்தால்தான் மெய்நிகர் நினைவகத்துக்கே பொருள் இருந்தது. கர்னல் செயலிழந்தால் ரேமின் முழுப் பிரதியையும் ஸ்வாப் பகுதியில்தான் எழுதினார்கள் என்பதும் ஒரு காரணம். லினக்ஸ் 2.4 வரிசையின் தொடக்கப் பதிப்புகளிலும், திரும்பிய பக்கத்தின் ஸ்வாப் இடம் விடுவிக்கப்படாத குறை இருந்ததால் இந்த விதிக்கு இன்னொரு ஆயுள் கிடைத்தது. 512 எம்பி ரேமுக்கு 1 ஜிபி என்றிருந்த காலத்தில் யாருக்கும் நட்டமில்லை. 256 ஜிபி ரேமுக்கு 512 ஜிபி ஸ்வாப் என்றால், அது நிரம்பும் முன்பே சர்வரை யாராவது அணைத்துவிடுவார்கள்.

ஸ்வாப்பின் அளவு என்பது ஒரு கேள்விக்கான விடை: ஏதோவொரு நிரல் கட்டுமீறி நினைவகத்தைத் தின்னத் தொடங்கினால், அது கொல்லப்படும் முன் எவ்வளவு நேரம் சர்வர் தடுமாறலாம்? ஸ்வாப் பெரிதானால் தடுமாற்றம் நீளும். சிறிதானால் சாவு விரைவில் வரும். உங்கள் 16 ஜிபி சர்வருக்கு 2 முதல் 4 ஜிபி போதும். 1 ஜிபி மட்டுமே உள்ள சிறிய மெய்நிகர் கணினியில் ரேமின் அளவுக்கே வைப்பது தகும். மடிக்கணினியை ஹைபர்னேட் செய்ய விரும்பினால் ரேமின் உள்ளடக்கம் முழுவதும் ஸ்வாப்புக்குப் போவதால் ரேமின் அளவைத் தழுவியே வைக்க வேண்டும். உள்ளடக்கம் சுருக்கப்படுவதால் குறைவாகவும் போதலாம், ஆனால் அதை நம்பியிருக்க வேண்டியதில்லை. மேக்ஓஎஸ்ஸில் இந்தக் கேள்வியே எழாது: 2013இன் மேவரிக்ஸ் பதிப்பு முதல் அது பக்கங்களை முதலில் ரேமிலேயே சுருக்கி, அதுவும் போதாதபோது ஸ்வாப் கோப்புகளைத் தானே உருவாக்கிக்கொள்கிறது.

லினக்ஸிலும் இப்படி ரேமிலேயே சுருக்கும் வசதி இரண்டு வடிவங்களில் உண்டு. இசட்ரேம், ரேமின் ஒரு பகுதியையே சுருக்கப்பட்ட ஸ்வாப் சாதனமாக்குகிறது. இசட்ஸ்வாப், வட்டு ஸ்வாப்புக்கு முன்னால் சுருக்கப்பட்ட ஒரு கேஷாக நின்று, நெடுநாள் தொடப்படாதவற்றை வட்டுக்குத் தள்ளிவிடுகிறது. வட்டு ஸ்வாப் ஏற்கெனவே இருக்கும் சர்வரில் நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். இசட்ரேமை உயர் முன்னுரிமையிலும் வட்டைத் தாழ்ந்த முன்னுரிமையிலும் சேர்த்து வைத்தால், முதலில் வெளியேறிய பழைய பக்கங்கள் வேகமான இசட்ரேமை நிரப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கும்; பின்னர் வெளியேறும், விரைவில் திரும்பத் தேவைப்படும் பக்கங்கள் மெதுவான வட்டுக்குப் போகும். வேண்டியதற்கு நேர்மாறான விளைவு அது. வட்டே இல்லாத, அல்லது எழுதித் தேயும் எஸ்டி அட்டையை மட்டும் கொண்ட சிறு கணினியில் இசட்ரேம் தனியாக நன்றாகப் பயன்படும். அங்கே, எட்டு எட்டாகப் படிக்கும் வழக்கத்தை ஒன்றொன்றாகக் குறைத்துவிடுவது நல்லது, ஏனெனில் சேர்த்துப் படிப்பதால் அங்கே எந்த இலாபமும் இல்லை.

ஸ்வாப்பை வட்டின் தனிப் பகுதியில் வைப்பதா, ஒரு கோப்பில் வைப்பதா என்பது இப்போது ஒரு பொருட்டல்ல. லினக்ஸ் கர்னல், ஸ்வாப்பை இயக்கும்போதே கோப்பின் துண்டுகள் வட்டில் எங்கெங்கே உள்ளன என்று வரைபடம் எடுத்துக்கொண்டு, கோப்பு முறைமையைச் சுற்றிச் செல்வதால் வேகத்தில் வேறுபாடு தெரியாது. அளவை மாற்றுவது கோப்பில் எளிது. கோப்பில் ஓட்டைகள் (வட்டில் இடம் ஒதுக்கப்படாத பகுதிகள்) இருக்கக் கூடாது, அணுகல் அனுமதி 600 ஆக இருக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில், மாற்றத்தைப் பழைய இடத்தில் எழுதாமல் புதிய இடத்தில் எழுதும் வழக்கம் அந்தக் கோப்புக்கு அணைக்கப்பட்டிருக்க வேண்டும், அதற்கும் 5.0 கர்னலிலிருந்தே ஆதரவு. இரண்டு வட்டுகளில் ஒரே முன்னுரிமையுடன் ஸ்வாப் வைத்தால் கர்னல் மாறி மாறி எழுதும்.

கடவுச்சொற்களும் குறியாக்கத் திறவுகோல்களும் அநாமதேயப் பக்கங்களில்தான் இருக்கின்றன என்பதையும், அவை ஸ்வாப்புக்குப் போனால் கணினியை அணைத்த பிறகும் வட்டில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கவனமாக எழுதப்பட்ட நிரல்கள் எம்லாக் அழைப்பின் மூலம் அத்தகைய பக்கங்களை ரேமிலேயே பூட்டிவைக்கின்றன. எல்லா நிரல்களும் அப்படி எழுதப்படுவதில்லை. ஓபன்பிஎஸ்டி ஸ்வாப்பை இயல்பாகவே குறியாக்கம் செய்கிறது. லினக்ஸில், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிய திறவுகோல் உருவாக்கி ஸ்வாப்பைக் குறியாக்கம் செய்யுமாறு அமைக்கலாம். ஹைபர்னேட் வேண்டுமென்றால் மட்டும் அந்த முறை பொருந்தாது. திறவுகோல் அணைப்போடு போய்விடுவதால், நிலையான திறவுகோலுடன் அமைக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த 1.5 ஜிபி கண்ணை உறுத்தினால், ஸ்வாப்ஆஃப் கட்டளையால் எல்லாவற்றையும் ரேமுக்குத் திருப்பி ஸ்வாப்பை நிறுத்திவிட்டு, மறுபடி ஸ்வாப்ஆன் செய்யலாம். மெம்அவைலபிள் 5 ஜிபி இருப்பதால் உங்கள் சர்வரில் அதற்கு இடம் இருக்கிறது. அது 2 ஜிபிக்குக் கீழே இருந்தால் செய்யாதீர்கள், நடுவில் ஓஓஎம் கில்லரைச் சந்திக்க நேரலாம். வன்வட்டு என்றால் பல நிமிடங்கள் ஆகும். அடுத்த இரவு காப்புப்பிரதி ஓடிய பின் ஏறத்தாழ அதே பக்கங்கள் அதே இடத்துக்குத் திரும்பியிருப்பதையும் பார்ப்பீர்கள்.